1915: தோட்டத்துரைமாரின் துப்பாக்கிகளும் ‘ஜேர்மன் சதி’ என்ற புரளியும்

1915ஆம் ஆண்டின் சிங்கள – முஸ்லிம் கலவரத்தைக் கொழும்பின் கதையாகவே எழுதும் வழக்கம் நெடுநாளாக இருந்துவருகிறது; ஆனால் அக்கலவரத்துக்கு அடியெடுத்துக் கொடுத்த வழக்கு பிறந்தது கம்பளையில், முதற்கல் விழுந்தது கண்டியில், அதை அடக்கத் துப்பாக்கியோடு புறப்பட்ட ஐரோப்பியத் தொண்டர்களில் ஒரு பகுதியினர் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களின் துரைமார். ஆகவே மலையக வரலாற்றை எழுதப் புகுவோர் இந்த ஆண்டைக் கொழும்பாருக்கு விட்டுக்கொடுத்துவிட்டு நகர முடியாது. அந்த ஆண்டில், மதுவிலக்குத் தலைவர்கள் ஜேர்மனியருடன் கூடிச் சதி செய்தனர் என்ற புரளியும், ஆயுதம் தாங்கியவர்கள் படையொழுங்கை மீறிச் சுட்டனர் என்ற முறைப்பாடும் தனித்தனியே பேசப்பட்டுவந்தன. உண்மையில் முதலாவதே இரண்டாவதற்கு வழிவிட்டது. தலைவர்கள் துரோகிகள் என்று நம்பவைக்கப்பட்ட பிறகே துப்பாக்கி பிடித்தவர்களின் கைகள் கட்டவிழ்ந்தன.

கம்பளை வழக்கைச் சுருக்கமாக அறிந்துகொள்வது நல்லது. கம்பளைக்கு அருகிலுள்ள வல்லஹாகொட தேவாலயத்தின் ஆண்டுப் பெரஹரா, அதாவது யானைகளும் மேளதாளங்களும் கூடிய ஊர்வலம், நகரின் அம்பகமுவை வீதி வழியாகச் செல்வது பழைய வழக்கம். இந்தியாவிலிருந்து வந்து வணிகம் செய்த கரையோரச் சோனகர்கள் அந்த வீதியில் அமைத்திருந்த பள்ளிவாசலை ஊர்வலம் கடக்கும்போது, இரு பக்கமும் 100 யார் தூரத்துக்கு மேளம் அடிக்கக்கூடாது என்று அரசாங்க அதிபர் 1912இல் நிபந்தனை விதித்தார். தேவாலயச் சொத்துகளின் பாதுகாவலரான பஸ்நாயக்க நிலமே, 1815ஆம் ஆண்டுக் கண்டி உடன்படிக்கையின் 5ஆம் பிரிவு பௌத்த சமயத்துக்கும் அதன் சடங்குகளுக்கும் அளித்த உறுதிமொழியைக் காட்டி, சட்டமா அதிபருக்கு எதிராக வழக்குத் தொடுத்தார். கண்டி மாவட்ட நீதிபதி போல் ஈ. பீரிஸ் 1914 ஜூன் 4 அன்று தேவாலயத்துக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தார். 1915 பெப்ரவரி 2 அன்று உயர் நீதிமன்றம் அதைப் புரட்டியது. உடன்படிக்கை கைச்சாத்தாகிச் சரியாக நூறாண்டு நிறைவடைய ஒரு மாதம் இருக்கையில் வந்த இத்தீர்ப்பு, சிங்கள பௌத்தர்களிடையே எத்தகைய கசப்பை ஏற்படுத்தியிருக்கும் என்பதை ஊகிப்பது கடினமன்று. போர்க்காலத்தில் அரிசி, துணி விலைகள் ஏறியதும், சில்லறைக் கடைகளில் பெரும்பகுதி கரையோரச் சோனகர் கையில் இருந்ததும் அக்கசப்பை மேலும் வளர்த்தன.

மே 28, வெசாக் இரவு. கண்டியில் பக்திப் பாடற்குழுவின் ஊர்வலம் ஒன்று காசல் ஹில் வீதிப் பள்ளிவாசலை நெருங்கியபோது எழுந்த கைகலப்பு, மறுநாளே கடையுடைப்பாக மாறியது. ஒரு வாரத்துக்குள் ஐந்து மாகாணங்களுக்குப் பரவியது. அதைப் பரப்பியது தந்தியோ பத்திரிகையோ அன்று, வாய்மொழியே. சோனகர்கள் திரண்டு வந்து தலதா மாளிகையைத் தாக்கப்போகிறார்கள் என்ற பேச்சு புகையிரதத்தோடு சேர்ந்தே ஊர் ஊராகப் போயிற்று. வெள்ளைக்காரர் போரில் மூழ்கிக் கிடக்கிறார்கள், கடைகளை உடைத்தால் கேட்கப்போவதில்லை என்ற பேச்சும் உடன்போயிற்று. இரண்டும் பொய். தலதா மாளிகைமீது ஒரு கல்லும் விழவில்லை. விழுந்தவை சோனகரின் கடைகளும் பள்ளிவாசல்களுமே: அரசாங்கக் கணக்கின்படி 4,075க்கு மேற்பட்ட கடைகள் கொள்ளையிடப்பட்டன, 17 பள்ளிவாசல்கள் எரிக்கப்பட்டன, 86 பள்ளிவாசல்கள் சேதமாக்கப்பட்டன, 25 முஸ்லிம்கள் கொல்லப்பட்டனர். பின்னர் நிகழ்ந்த அரசாங்கக் கொடுமைகளைப் பற்றி எழுதுவோர் இந்த எண்களை ஓரடிக்குறிப்பாகத் தள்ளிவிடுவதுண்டு, அது நேர்மையன்று.

குடிமக்களிடையே உலவிய வதந்திகள் இவை. ஆனால் அதே வாரத்தில், கொழும்பின் அரசாங்கச் செயலகத்திலும் படைத் தலைமையகத்திலும் வேறொரு வதந்தி உலவத் தொடங்கியது. இது கோப்புகளில் ஏறியதாலும், முத்திரை குத்திய உத்தரவுகளாக வெளிவந்ததாலும், முன்னதைவிட ஆபத்தானதாயிற்று. கலவரம் தற்செயலானதல்ல, பௌத்த மதுவிலக்குச் சங்கங்களின் தலைவர்கள் பிரித்தானிய ஆட்சியைக் கவிழ்க்கத் திட்டமிட்டு மூட்டிய கலகம், அதற்குப் பின்னால் ஜேர்மனியரின் கை இருக்கிறது என்பதே அது.

அவ்வெண்ணம் வேரூன்றுவதற்கான மண் முன்பே பண்பட்டிருந்தது. 1914 செப்டெம்பர் 22 அன்று ‘எம்டன்’ என்ற ஜேர்மன் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்தைக் குண்டுவீசித் தாக்கிவிட்டு இலங்கையின் கரையோரமாக உலவியபோது தீவெங்கும் பீதி மூண்டது. பூவர் யுத்தக் கைதியாக வந்து, பின் யால வனக் காவலராகப் பணியாற்றிய எங்கல்பிரெக்ட் என்பவர் அக்கப்பலுக்கு இறைச்சி கொடுத்தார் என்ற வதந்தி ஒன்றின் பேரிலேயே சிறைவைக்கப்பட்டார். அது முழுப் பொய் என்பது காலங்கடந்தே தெளிவாயிற்று. 1915 பெப்ரவரி 15 அன்று சிங்கப்பூரில் இந்தியக் காலாட்படை ஒன்று கலகம் செய்தது. அடக்கப்பட்ட பின் 47 சிப்பாய்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். இவற்றோடு, தொடந்துவையில் மடம் அமைத்திருந்த ஞானத்திலோக தேரர் முதலிய ஜேர்மானியப் பௌத்த பிக்குகள் போர் தொடங்கியதும் தியத்தலாவை முகாமில் அடைக்கப்பட்டிருந்தமையும் சேர்ந்துகொண்டது. பௌத்தம், ஜேர்மனி, கலகம் ஆகிய மூன்றையும் ஒரே நூலில் கோத்துவிட அதிகாரிகளுக்கு இவ்வளவு போதுமாயிருந்தது. மதுவிலக்கு இயக்கமோ, 1912ஆம் ஆண்டு மதுவரிச் சட்டத்தின்கீழ் ஊர்தோறும் கள்ளுத்தவறணைகள் திறக்கப்பட்டதை எதிர்த்துக் கூட்டங்கள் கூட்டிய இயக்கம். அரசாங்கத்தின் வருவாயில் கைவைத்தது என்பதைத் தவிர வேறு சதி எதுவும் அதன்மேல் காட்டப்படவில்லை.

தேசாதிபதி சேர் றொபேட் சால்மர்ஸ் பாளி மொழி வல்லுநர். பௌத்த நூல்களை ஆங்கிலத்தில் பெயர்த்தவர். அவருடைய இரண்டு மகன்மாரும் அதே மே மாதத்தில் ஐரோப்பியப் போர்முனையில் மாண்டுபோயினர். அந்த நிலையில் இருந்த மனிதரிடம் ‘ஜேர்மன் கை’ என்ற சொல் எத்தகைய பாரத்தோடு விழுந்திருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கலாம். அதனால் அவரது பொறுப்பு குறைந்துவிடாது. ஜூன் 2 அன்று அவர் இராணுவச் சட்டத்தைப் பிரகடனம் செய்தார். படைத் தளபதி பிரிகேடியர் ஜெனரல் மல்கம், பொலிஸ் மா அதிபர் ஹேர்பட் டௌபிகின், குடியேற்றநாட்டுச் செயலாளர் றெஜினல்ட் ஸ்டப்ஸ் ஆகியோரின் கைக்கு ஆட்சி சென்றது. எப். ஆர். சேனநாயக்க, டி. எஸ். சேனநாயக்க, டி. பி. ஜயதிலக்க, டபிள்யூ. ஏ. டி சில்வா, டாக்டர் சி. ஏ. ஹேவாவிதாரண, ஏ. ஈ. குணசிங்க முதலியோர் சிறையிலடைக்கப்பட்டனர். வாரக்கணக்கில் வீடுகளைக் குடைந்து தேடியும் ஜேர்மனியருடன் தொடர்பு காட்டும் ஒரு தாளும் அகப்படவில்லை. பெரும்பாலோர், தம்மீதான சதிக் குற்றச்சாட்டு எந்த நீதிமன்றத்திலும் நிறுவப்படாமலே, பிணை எழுதிக்கொடுத்து வெளியேறினர். அநகாரிக தர்மபாலவின் தம்பி எட்மண்ட் ஹேவாவிதாரண மட்டும் படை நீதிமன்றத்தால் ஆயுட்சிறை விதிக்கப்பட்டு, அவ்வாண்டு நவம்பரில் யாழ்ப்பாணச் சிறையில் இறந்தார்.

இங்கே இரண்டு சட்டங்களைப் பிரித்தறிய வேண்டும். படைச் சட்டம் என்பது படையினரைக் கட்டுப்படுத்துவது. உத்தரவு மீறிய சிப்பாயையும் அதிகாரம் மிஞ்சிய அதிகாரியையும் படை நீதிமன்றத்தின் முன் நிறுத்துவது. இராணுவச் சட்டம் என்பது அதற்கு நேர்மாறாகக் குடிமக்களைக் கட்டுப்படுத்துவது. வழமையான நீதிமன்றங்களை ஒதுக்கிவிட்டுப் படையினரையே நீதிபதிகளாக்குவது. இரண்டாவது நடைமுறைக்கு வரும்போது முதலாவது இன்னும் கடுமையாகக் காக்கப்பட வேண்டும் என்பது பிரித்தானியச் சட்ட மரபின் அடிப்படை விதி. கொள்ளை நடந்துகொண்டிருக்கையில் அதைத் தடுக்கச் சுடுவது அனுமதிக்கப்பட்டது. கொள்ளை ஓய்ந்து, ஆள் பிடிபட்டு, கையில் ஆயுதமின்றி நிற்கையில் அவனைத் தண்டனையாகச் சுடுவது, இராணுவச் சட்டம் நிலவினாலும் கொலையே. 1915இல் அந்தக் கோடு அழிந்துபோயிற்று. அதை அழித்தவர்கள் யார் என்ற கேள்வியில்தான் மலைநாடு உள்ளே வருகிறது.

1900ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டு, கண்டியைத் தலைமையகமாகக் கொண்டிருந்த இலங்கைத் தோட்டத்துரைமார் துப்பாக்கிப் படை முழுக்க முழுக்க ஐரோப்பியரைக் கொண்ட தொண்டர் படை. காலைப் பிரட்டில் ஆட்களை எண்ணி, கொழுந்தெடுக்கவும் கவ்வாத்து வெட்டவும் அனுப்பிய பெரியதுரையும் சின்னதுரையும் விடுமுறை நாள்களில் இதில் பயிற்சி பெற்றார்கள். தென்னாபிரிக்கப் பூவர் யுத்தத்திலும் இத்துரைமாரிடையிலிருந்து ஆட்கள் சென்றிருந்தனர். 1914 ஒக்டோபர் இறுதியில், இருநூறு பேருக்கு மேற்பட்ட ஓர் அணி ‘வூஸ்டஷயர்’ கப்பலில் எகிப்துக்குப் புறப்பட்டது. கலிப்பொலியில் ஜெனரல் பேர்ட்வுட்டின் மெய்க்காவலாகவும் அதன் ஆட்கள் நின்றார்கள். ஆகவே கலவரம் வெடித்தபோது, நல்ல பயிற்சியும் இளவயதும் உள்ளவர்களில் பலர் தீவில் இல்லை. எஞ்சியிருந்த தொண்டர்களோடு, அவசர அவசரமாகத் துப்பாக்கி கொடுக்கப்பட்ட நகரக் காவலர்களும் சேர்க்கப்பட்டனர். ஒரு தோட்டத்தின் எல்லைக்குள் தம் சொல்லே சட்டம் என்று வாழ்ந்து பழகியவர்கள், 1865ஆம் ஆண்டுத் தொழிற்சட்டத்தின்கீழ் வேலையைவிட்டு ஓடிய தொழிலாளியைச் சிறைக்கு அனுப்பிப் பழகியவர்கள், இப்பொழுது கிராமங்களின்மேல் அதிகாரம் பெற்றார்கள். அந்தப் பழக்கமும் ‘சதிகாரர்’ என்ற சொல்லும் கூடியதன் விளைவு கேகாலைப் பக்கத்தில் தெரிந்தது.

கலவரம் அடங்கிய பின்னும், பிடிபட்டவர்களை விசாரணையின்றியே சுட்டுக்கொன்ற சம்பவங்கள் அங்கே நடந்தன. அரசாங்கமே ஒப்புக்கொண்ட கணக்கின்படி, படையினராலும் பொலிஸாராலும் தீவெங்கும் கொல்லப்பட்டவர்கள் 63 பேர். ஊர்ப் பேச்சில் அந்த எண் பன்மடங்கு பெரியது. இவர்களைச் சுட்டவர்களில் எவரும் படையொழுங்கின்கீழ் தண்டிக்கப்படவில்லை. 1915 ஆகஸ்டில் மன்னரின் கட்டளைச் சபை பிறப்பித்த பொறுப்புநீக்க ஆணை, இராணுவச் சட்ட காலத்தில் நல்லெண்ணத்தோடு செய்யப்பட்டவற்றுக்கு வழக்குத் தொடுக்க இயலாதபடி கதவைச் சாத்திவிட்டது. ஆகஸ்ட் 30 அன்று இராணுவச் சட்டம் நீங்கியபோது, கதவு ஏற்கெனவே பூட்டப்பட்டாயிற்று.

படையொழுங்கின் பெயரால் உயிரிழந்த அதிகாரி ஒருவர் உண்டு, அவர் சிங்களவர். கொழும்பு நகரக் காவற்படையின் கப்டன் எட்வேட் ஹென்றி பேதிரிஸ், வயது 26, காலியைச் சேர்ந்த பெரும் வணிகர் டி. டி. பேதிரிஸின் மகன். கொழும்புக்குள் நுழைய முயன்ற கூட்டத்தைத் தூண்டினார், துப்பாக்கியால் சுட்டார் என்பவை அவர்மீது சுமத்தப்பட்டன. கூட்டத்தைப் பேசிக் கலைத்தார் என்பது அவர் பக்கத்தாரின் கூற்று. படை அதிகாரிகள் மூவர் அமர்ந்த நீதிமன்றம், ஜூரிகள் இன்றி, ஜூலை முதல் வாரத்தில் விசாரணையை முடித்தது. மேன்முறையீட்டுக்கு இடமில்லை. ஜூலை 7 அன்று வெலிக்கடைச் சிறையில், நாற்காலியில் இருத்தப்பட்டுச் சுட்டுக் கொல்லப்பட்டார். குருதி தோய்ந்த அந்த நாற்காலியை மற்றக் கைதிகளின் அறைகளுக்குக் கொண்டுசென்று காட்டினார்கள் என்று பின்னாளில் சொல்லப்பட்டது. செல்வமும் செல்வாக்கும் கொண்ட குடும்பத்து இளைஞனையே விடவில்லை என்ற செய்தியைச் சொல்ல நாற்காலி தேவைப்பட்டிருக்காது, தண்டனையே போதும். 2024இல் இலங்கை ஜனாதிபதி அவருக்கு மரணத்துக்குப் பிந்திய மன்னிப்பு வழங்கினார். மன்னிப்பு என்பது குற்றவாளிக்கு வழங்குவது என்பதால், அது அவரை நிரபராதி என்று அறிவிப்பதாகாது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

உண்மையை வெளிக்கொணர்ந்தவர்களில் முதலிடம் சேர் பொன்னம்பலம் இராமநாதனுக்கு உரியது. 1911இல் படித்த இலங்கையரின் பிரதிநிதியாகச் சட்டநிரூபண சபைக்குத் தெரிவுசெய்யப்பட்டிருந்த அவர், சதி என்பது வெறுங் கற்பனை என்று சபையில் அடுக்கடுக்காக வாதிட்டார். நீர்மூழ்கிக் கப்பல்களின் அச்சம் நிலவிய கடல்வழியே இலண்டன் சென்று முறையிட்டார். தம் உரைகளையும் ஆவணங்களையும் 1916இல் அங்கே நூலாக வெளியிட்டார். வழக்கறிஞர் ஈ. டபிள்யூ. பெரேராவும் இலண்டனில் வாதாடினார். ஆனால் இந்த வாதத்தில் ஒரு குறை உண்டு: தலைவர்கள்மீதான புரளியைத் தகர்க்கும் வேகத்தில், அடியும் கொள்ளையும் பட்ட சோனகரின் இழப்பு இராமநாதனின் எழுத்தில் மங்கிப்போயிற்று. சோனகர் இனத்தால் தமிழரே என்று 1888இல் அவர் எழுதியதை ஏற்கெனவே மனத்தில் வைத்திருந்த முஸ்லிம்கள் இதையும் சேர்த்துக்கொண்டார்கள். தமிழ்–முஸ்லிம் உறவில் அந்தக் கணக்கு இன்றும் முழுதாகத் தீர்ந்தபாடில்லை.

1916 ஏப்ரலில் தேசாதிபதியாக வந்த சேர் ஜோன் அண்டர்சன், கேகாலைச் சூடுகளை விசாரிக்க ஆணைக்குழு ஒன்றை அமர்த்தினார். அச்சூடுகளை நியாயப்படுத்த முடியாது என்பது விசாரணையில் வெளிப்பட்டது. சுட்டவர்கள் இராணுவச் சட்டம் தமக்கு அனுமதி தந்ததாக நம்பினார்கள் என்ற சமாதானமும் கூடவே வந்தது. அந்தச் சமாதானத்தை அண்டர்சன் ஏற்கவில்லை. குடியேற்றநாட்டு அலுவலகத்துக்கு எழுதிய அறிக்கையில் கடுஞ்சொற்களால் கண்டித்தார். தோட்டத்துரைமாரின் பத்திரிகைகளும் சங்கங்களும் அதற்காக அவரை விரும்பவில்லை என்பதில் வியப்பில்லை. 1918 மார்ச்சில், துரைமாரின் கோடைத் தலைநகரான நுவரெலியாவிலேயே அவர் காலமானார்.

புரளி ஒருபக்கத்தாருக்கு மட்டும் சொந்தமன்று. சுட்டவர்கள் பஞ்சாபி முஸ்லிம் சிப்பாய்கள், தம் மதத்தவருக்காகப் பழிவாங்கினார்கள் என்ற கூற்று இன்றுவரை மேடைகளில் கேட்கிறது. இலங்கையில் நிறுத்தப்பட்டிருந்த 28ஆம் பஞ்சாபிப் படையணி சீக்கியர் உட்படப் பல வகுப்பினரைக் கொண்டது. அதற்கு உத்தரவிட்டவர்கள் பிரித்தானிய அதிகாரிகள். ஆணைக்குழு ஆராய்ந்த மிக மோசமான சம்பவங்களில் துப்பாக்கியை இயக்கியவர்கள் ஐரோப்பியர்கள். குற்றத்தைப் பஞ்சாபியரின் தலையில் கட்டுவது, துரைமாரை விடுவித்துவிட்டுச் சோனகர்மீதான பகையைக் காப்பாற்றிக்கொள்ளும் வழி. ஈ. டபிள்யூ. பெரேரா இரகசியச் சூட்டு உத்தரவைச் சப்பாத்தின் அடியில் மறைத்து இலண்டனுக்குக் கொண்டுபோனார் என்ற கதைக்கும் பெருமதிப்பு உண்டு. அது நடந்ததோ இல்லையோ, வழக்கை வென்றுகொடுத்தது அந்த ஒரு தாள் அன்று. இராமநாதனின் வாதமும், அண்டர்சன் அமர்த்திய விசாரணையும், சாட்சி சொல்லத் துணிந்த கிராமத்தவருமே வென்றுகொடுத்தார்கள். இலண்டனிலிருந்து திரும்பிய இராமநாதனைக் குதிரை அவிழ்த்த வண்டியில் வைத்துச் சிங்களத் தலைவர்கள் இழுத்துவந்த கதையைத் தமிழர்கள் பெருமையோடும், பிற்காலத்தில் மனக்குறையோடும் திரும்பத் திரும்பச் சொல்வார்கள். வண்டியை இழுத்தவர்களின் பெயர்ப்பட்டியல் சொல்பவருக்குச் சொல்பவர் நீள்வதைக் கவனித்தாலே, அதில் எவ்வளவு பிற்சேர்க்கை என்பது விளங்கும்.

தோட்டத் தொழிலாளர்கள் இந்தக் கலவரத்தில் பக்கம் சேராதவர்கள். 1911ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி 5 இலட்சத்துக்கு மேற்பட்ட இந்தியத் தமிழர் தீவில் இருந்தும், அரசாங்கத்தின் எந்தச் சதிப் பட்டியலிலும் அவர்கள் இடம்பெறவில்லை. துரைமாரின் கண்ணுக்கு அவர்கள் இன்னும் அரசியல் மனிதர்களாகத் தெரியவில்லை. அந்த நிலை மாறியது கோ. நடேசய்யரின் காலத்தில்தான். 1931இல் ஹற்றனில் அவர் தொழிற்சங்கம் தொடங்குமுன்பே, டௌபிகினின் பொலிஸார் அவர் பின்னால் அலையத் தொடங்கியிருந்தனர். 1915இல் மதுவிலக்குக்காரருக்கு ஒட்டப்பட்ட ‘அந்நியக் கையாள்’ என்ற முத்திரை, மாஸ்கோவின் பெயரை மாற்றிப் போட்டுத் தொழிற்சங்கத்தாருக்கு ஒட்டப்பட்டது.

1915இன் குடியேற்றநாட்டுச் செயலாளர் ஸ்டப்ஸ் 1933இல் தேசாதிபதியாகவே திரும்பிவந்தார். அப்போது உள்நாட்டு அமைச்சராக இருந்தவர், 1915இல் சிறையிலிருந்த அதே டி. பி. ஜயதிலக்க. மடுல்கலையின் ரெலுகாஸ் தோட்டத்தில் சின்னதுரையாகப் பழகவந்து, தொழிலாளர் பக்கம் சாய்ந்து, 1937 ஏப்ரல் 3 அன்று நாவலப்பிட்டிக் கூட்டத்தில் பேசிய மார்க் அந்தனி பிரேஸ்கேர்டிலை நாடுகடத்துமாறு தோட்டத்துரைமார் வற்புறுத்தியபோது, ஸ்டப்ஸ் பழைய அவசரகாலக் கட்டளை ஒன்றைத் தூசுதட்டி எடுத்து, 48 மணித்தியாலத்தில் தீவைவிட்டு வெளியேறும்படி ஆணையிட்டார். அரசாங்க சபை 34க்கு 7 என்ற வாக்குகளால் அதைக் கண்டித்தது. இம்முறை படை நீதிமன்றம் இல்லை, வழமையான நீதிமன்றமே இருந்தது. அவசரநிலை இல்லாத காலத்தில் அவசரகால அதிகாரத்தைப் பயன்படுத்த முடியாது என்று கூறி, பிரதம நீதியரசர் சேர் சிட்னி ஏப்ரஹாம்ஸ் தலைமையிலான உயர் நீதிமன்றம் 1937 மே 18 அன்று பிரேஸ்கேர்டிலை விடுவித்தது. அந்த வழக்கும், அமைச்சருக்கு எல்லாம் முன்பே தெரியும் என்று அப்போதைய பொலிஸ் மா அதிபர் சொன்னதால் எழுந்த சர்ச்சையும் அடுத்த பகுதியில் விரிவாக ஆராயப்படும்.